முறுக்குக் கூடத்தில் பேக்கிங் கழிவைக் குறைப்பது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

முறுக்கு, மிக்சர், கடலைமிட்டாய், மசாலாப் பொடி என்று ஏதாவது செய்து, பாக்கெட் போட்டு, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் சிறு கூடங்களுக்கானது இது. கழிவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது கவரின் மைக்ரானில், அதாவது தடிமனில்தான். உண்மையில் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

200 கிராம் முறுக்கு போடும் கவர் சில கிராம்தான் இருக்கும். உள்ளே இருப்பது மாவு, எண்ணெய், கேஸ், ஒரு நாள் கூலி. கவரில் அரை கிராம் மிச்சம் பிடிக்கப் போய் பாக்கெட் நமுத்துத் திரும்பி வந்தால், கவரும் குப்பை, முறுக்கும் குப்பை, போய் வந்த லாரி வாடகையும் தண்டம். அதனால் முதலில் பொருள் வீணாவதை நிறுத்த வேண்டும். கவரை மெலிதாக்குவது அதற்கப்புறம். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது. தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று, மூட்டை எடை போடும் தராசு ஒன்று, ஸ்டீல் ஸ்கேல், ஒரு பக்கெட் தண்ணீர், நான்கு காலிச் சாக்கு, ஒரு நோட்டு. கடந்த மூன்று மாதத்துக்கான பிலிம் ரோல் (கவராக மாறும் பிளாஸ்டிக் தாள் சுருள்) பில், அட்டைப்பெட்டி பில், டீலர்கள் திருப்பி அனுப்பிய சரக்கின் கணக்கு ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

பேக்கிங் மேஜையில் நிற்பவர்களில் ஒருவரைப் பொறுப்பாக்குவது முக்கியம். முதலாளியே நோட்டை வைத்துக்கொண்டால் மூன்றாவது நாள் எழுதுவது நின்றுவிடும். பார்த்த இடமெல்லாம் அப்படித்தான்.

1. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எடை போடுங்கள்

நான்கு சாக்குக்கும் பெயர் எழுதுங்கள். முதல் சாக்கு, ரோல் மாட்டும்போதும் மாற்றும்போதும் வெட்டிப் போடும் வெற்றுப் பிலிம். இரண்டாவது, சீல் சரியில்லை என்று கிழித்த பாக்கெட்டுகள். மூன்றாவது, கடைகளிலிருந்து திரும்பி வந்தவை. நான்காவது, மாவு, பருப்பு, எண்ணெய் வந்து இறங்கிய மூட்டை, டின், பெட்டி. தினமும் மாலையில் நான்கையும் தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள்.

ஏன் தனித்தனி? நான்குக்கும் காரணம் வேறு. முதலாவது மெஷின் ஓட்டும் முறையால் வருவது, இரண்டாவது சீலால், மூன்றாவது கவர், பெட்டி, போக்குவரத்து ஆகியவற்றால், நான்காவது மூலப்பொருள் வந்து இறங்கும் விதத்தால். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காயலான் கடையில் போட்டால் எத்தனை கிலோ என்று மட்டும்தான் தெரியும், எதைத் திருத்துவது என்று தெரியாது.

நோட்டு சரிதானா என்று பில்லை வைத்துச் சரிபாருங்கள். ஒரு கவர் 3 கிராம் என்றால் 100 கிலோ பிலிமில் ஏறக்குறைய 33,300 பாக்கெட் வர வேண்டும். 31,000தான் வந்தது என்றால் 93 கிலோதான் பாக்கெட்டாகியிருக்கிறது. மீதி 7 கிலோ சாக்கில் இருக்க வேண்டும். சாக்கில் 4 கிலோதான் இருந்தால் யாரோ எங்கோ போட்டிருக்கிறார்கள்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, ரோலை நடுவில் இருக்கும் அட்டைக் குழாயோடு எடை போட்டுவிடுவது. காலிக் குழாயின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கழிவு கூடினால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று மிரட்டுவது. மறுநாளிலிருந்து கழிவு குறைந்ததாகத்தான் நோட்டு காட்டும். பிலிம் அடுப்புக்குள் போயிருக்கும். சமையல் நடக்கும் இடத்தில் பிளாஸ்டிக் புகை வேறு.

2. உங்கள் பொருள் எதனால் கெடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

கவர் விற்பவரிடம் எது நல்ல கவர் என்று கேட்டால் எது விலை கூடுதலோ அதைத்தான் காட்டுவார். ஆகவே முதலில் உங்கள் பண்டத்தின் எதிரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முறுக்குக்கு இரண்டு எதிரி. ஈரம் புகுந்தால் நமுத்துப் போகும். காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வரும். கடலைமிட்டாயில் ஈரம் ஏறினால் பாகு பிசுபிசுக்கும், நாளானால் கடலையின் எண்ணெயும் காறும். மிளகாய்ப் பொடி வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும். கரம் மசாலாவுக்குப் பெரிய நஷ்டம் வாசனை போவது.

சாதாரண பாலிதீன் ஈரத்தை ஓரளவு நன்றாகவே தடுக்கும். ஆனால் ஆக்சிஜனையும் வாசனையையும் விட்டுவிடும். பாலியெஸ்டர் வாசனையை நன்றாகப் பிடித்து வைக்கும். பளபளவென்று வெள்ளிப் பூச்சு உள்ள மெட்டலைஸ்டு பிலிம் ஈரம், காற்று, வெளிச்சம் மூன்றையும் தடுக்கும். ஆனால் பல அடுக்கு ஒட்டியது என்பதால் பழைய பிளாஸ்டிக் வாங்குபவர் அதைத் தொடமாட்டார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை உட்கார்ந்து யோசியுங்கள்: உங்கள் பாக்கெட் எத்தனை நாளில் தின்னப்படுகிறது? பக்கத்துக் கம்பெனி ஆறு மாதம் என்று போட்டிருக்கிறது என்பதற்காக நீங்களும் ஆறு மாதம் போட்டால், அந்த ஆறு மாதத்துக்குத் தாங்கும் கவரை வாங்கித்தான் ஆக வேண்டும். உள்ளூர்க் கடைகளில் இருபது நாளில் விற்றுத் தீரும் கடலைமிட்டாய்க்கு அது எதற்கு? கெடு தேதியை உண்மையான விற்பனைக் காலத்துக்கு ஏற்றபடி சுருக்கினால் மூன்று அடுக்குக் கவர் ஒற்றை அடுக்காகிவிடலாம். மைக்ரானைக் குறைத்து இந்த அளவுக்கு மிச்சம் பிடிக்கவே முடியாது.

இதை உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று. ஒரே நாளில் செய்த சரக்கை இரண்டு வகைக் கவரில் பத்துப் பத்துப் பாக்கெட் போடுங்கள். ஒவ்வொன்றின் எடையையும் கவர் மேலேயே எழுதுங்கள். பாதியை அலமாரியிலும் பாதியை வேகவைக்கும் அடுப்புப் பக்கத்திலும் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போட்டு, ஒன்றைப் பிரித்துத் தின்று பாருங்கள். எடை கூடிக்கொண்டே போனால் ஈரம் ஏறுகிறது என்று பொருள். எடை மாறாமல் ருசி மட்டும் கெட்டால் அது காற்று அல்லது வெளிச்சத்தின் வேலை. எது என்று தெரிந்த பிறகு கவர்க்காரரிடம் போங்கள்.

3. சீலைச் சரிசெய்யுங்கள்

இரண்டாவது சாக்கிலும் மூன்றாவது சாக்கிலும் இருப்பதில் பெரும்பகுதி சீலால் வந்ததாகத்தான் இருக்கும். எவ்வளவு நல்ல பிலிம் வாங்கினாலும் ஓரத்தில் முடி அகலத்துக்கு ஒரு ஓட்டை இருந்தால் அவ்வளவும் வீண். காற்றுக்குப் பதில் பாக்கெட்டுக்குள் நைட்ரஜன் வாயு அடைப்பவர்களுக்கு அந்தக் காசும் சேர்த்து வீண்.

சீலுக்கு மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: சூடு, அழுத்தம், நேரம். வேகமாக முடிக்க வேண்டும் என்று பேண்ட் சீலரின் (ஓடும் பட்டையில் கவரின் வாயைச் சூட்டால் ஒட்டும் மெஷின்) வேகத்தைக் கூட்டினால் பிலிம் சூட்டில் இருக்கும் நேரம் குறைகிறது. அப்போது சூட்டையும் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டினால் மேலடுக்கு சுருங்கும். ஆகவே வேகத்தை முதலில் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, அப்புறம் சூட்டை ஐந்து ஐந்து டிகிரியாக மாற்றிப் பாருங்கள். சீலை இரண்டு கையால் பிரிக்கும்போது ஒட்டிய இடம் அப்படியே விலகி வந்தால் சூடு போதாது. பக்கத்தில் பிலிம் கிழிந்தால் நல்ல சீல். ஒட்டிய இடமே முறுமுறுவென்று உடைந்தால் சூடு அதிகம்.

காலையில் சுவிட்ச் போட்டதும் ஓட்டாதீர்கள். மீட்டர் எண்ணைக் காட்டினாலும் மெஷினின் சூடேறும் பார் முழுக்க ஒரே சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் போட்ட பாக்கெட்தான் கடையில் போய்ப் பிரிந்து நிற்கும்.

வரிசை இதுதான்: ஆறவைப்பது, நிரப்புவது, வாயைத் துடைப்பது, சீல் போடுவது, சோதிப்பது. ஆறாத முறுக்கைப் போட்டால் உள்ளே ஆவி வியர்த்து அதுவே ஈரமாகும். வெளியிலிருந்து ஈரம் வர வேண்டியதே இல்லை. பொடி போடுபவர்கள் புனலின் கழுத்து கவருக்குள் ஆழமாக இறங்குமாறு வையுங்கள். சீல் போடும் இடத்தில் பொடியோ எண்ணெயோ இருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டியதுபோல் தெரியும், ஆனால் ஒட்டியிருக்காது.

சோதனைக்குத்தான் பக்கெட். அரை மணிக்கு ஒரு பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி எந்த மூலையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரே மூலையில் திரும்பத் திரும்ப வந்தால் பட்டையில் தேய்மானம். நடுவில் வந்தால் மடிப்பு விழுகிறது, கவரை நேராகப் பிடிக்கவில்லை. பொடிப் பாக்கெட்டில் காற்று இருக்காது என்பதால் குமிழி தெரியாது. அதற்கு, காலிக் கவருக்குள் கொஞ்சம் கலர்த் தண்ணீர் விட்டு, வாயைச் சீல் போட்டு, தலைகீழாக ஒரு செய்தித்தாள் மேல் வைத்துக் கசிகிறதா என்று பாருங்கள். செய்தித்தாள் இந்தச் சோதனைக்கு மட்டும்தான். தின்பண்டத்தைச் சுற்றவோ எண்ணெய் வடிக்கவோ பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது.

4. கவரின் அளவைக் குறையுங்கள்

சீல் சரியான பிறகுதான் இது. சீல் தகராறு செய்யும் கூடத்தில் தொழிலாளிகள் கொஞ்சம் கூடுதல் நீளம் இருந்தால்தான் இரண்டாம் முறை சீல் போட முடியும் என்று நினைப்பார்கள். அது நியாயமும்கூட.

கணக்கு எளிது. 15 செ.மீ. அகலக் கவரில் 1 செ.மீ. உயரம் குறைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 30 சதுர செ.மீ. பிலிம் மிச்சம். 50 மைக்ரான் பாலிதீன் என்றால் ஏறக்குறைய 0.14 கிராம். ஒரு லட்சம் பாக்கெட்டுக்குப் பதினான்கு கிலோ. தடிமன் மாறவில்லை, பாதுகாப்பும் குறையவில்லை.

முறுக்கு மாதிரி உடையும் பண்டத்துக்கு ஓரளவு காற்று உள்ளே இருக்க வேண்டும், அதுதான் மெத்தை. கடலைமிட்டாய்க்கும் பொடிக்கும் அது தேவையில்லை. இதே மூச்சில் எடையையும் பாருங்கள். பாக்கெட்டுக்கு 3 கிராம் கூடுதலாக விழுந்தால் ஆயிரம் பாக்கெட்டுக்கு 3 கிலோ பண்டம் இலவசமாகப் போகிறது. எந்தச் சாக்கிலும் அது விழாது என்பதால் யார் கண்ணிலும் படாது.

5. அச்சடித்த கவர் தேங்காமல் பாருங்கள்

கூடத்தின் மூலையில் பழைய முகவரி, பழைய விலை அச்சான ரோல்கள் தூசி படிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு சாக்கு எடையிலும் சேராத கழிவு அது. சாக்குக் கணக்கை மட்டும் நம்புபவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.

இது வரும் வழி இதுதான். பெரிய அளவில் கவர் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர், அதாவது அச்சு உருளை செய்ய வேண்டும். அதனால் அச்சகம் குறைந்தபட்சம் இத்தனை கிலோ எடுக்கச் சொல்லும். கிலோ கூடினால் விலை குறையும். அந்த ஆசையில் ஒரு வருடத்துக்கு வேண்டியதை அடித்து வைப்போம். நான்காவது மாதம் எண்ணெய் விலை ஏறும், பாக்கெட் விலையை மாற்ற வேண்டிவரும். அச்சான விலையின் மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டச் சட்டம் இடம் தராது. விலையைக் குறைத்தால் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக்கூடாது.

ஆகவே மாறக்கூடியதை அச்சில் சேர்க்காதீர்கள். அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, தொகுதி எண், கெடு தேதி ஆகியவற்றை உங்கள் கூடத்திலேயே கோடிங் மெஷினால் அடியுங்கள். நிகர எடையும் பொருளின் பெயரும்கூடப் பல பண்டத்துக்கும் மாறும் என்றால், கம்பெனிப் பெயர் மட்டும் அச்சான பொதுக் கவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை லேபிளாக ஒட்டலாம். ஆறு பண்டத்துக்கு ஆறு வகை ரோல் தேங்குவதற்குப் பதில் ஒரே ரோல் ஓடும். லேபிள் செலவு சேரும்தான். மாதம் சில ஆயிரம் பாக்கெட் போடும் கூடத்துக்கு அதுதான் லாபம் என்பது என் கருத்து. லட்சக்கணக்கில் ஓடும் பண்டத்துக்கு மட்டும் தனி அச்சு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன் லேபிள் வாசகத்தை இரண்டு பேர் சத்தமாகப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர் முகவரி, நிகர எடை, உணவு உரிம எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, சேர்மானங்கள், வாடிக்கையாளர் தொடர்பு எண். ஒன்று விட்டுப்போனாலும் ரோல் முழுக்கக் குப்பைதான். சிவகாசியில் எவ்வளவு நன்றாக அடித்துக் கொடுத்தாலும் நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் அடிப்பார்கள்.

6. அட்டைப்பெட்டியைப் பொருளுக்கு ஏற்றபடி செய்யச் சொல்லுங்கள்

கவரின் அளவு முடிவான பிறகே பெட்டிக்கு அளவு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் இரண்டாம் முறை கொடுக்க வேண்டிவரும். உள்ளளவைத்தான் சொல்ல வேண்டும், நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில்.

நொறுங்கி வரும் முறுக்கைப் பார்த்ததும் ஐந்து ப்ளையை (அட்டையில் உள்ள தாள் அடுக்கு) ஏழு ப்ளையாக்கு என்பார்கள். அதற்கு முன் மூன்றைப் பாருங்கள். பெட்டிக்குள் வெற்றிடம் இருக்கிறதா? இருந்தால் மேலே ஏற்றும் பெட்டியின் பாரம் முழுவதையும் அட்டையே தாங்க வேண்டும், உள்ளே பாக்கெட்டும் உருளும். அட்டையின் உள்ளே இருக்கும் நெளிவுகள் மேல் கீழாக நிற்கின்றனவா? படுத்திருந்தால் பெட்டி சீக்கிரம் நசுங்கும். குடோனில் எப்படி அடுக்குகிறார்கள்? செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கினால் சரியாது, உண்மை. ஆனால் பெட்டியின் பலம் மூலைகளில்தான் இருக்கிறது. மூலைக்கு நேராக மூலை வராவிட்டால் அந்தப் பலத்தில் பாதி வரை போய்விடும். நேருக்கு நேர் அடுக்கிச் சுற்றிலும் கயிறு கட்டுவது நல்லது.

தாங்க வேண்டிய பாரத்தைக் கணக்குப் போடுங்கள். 8 கிலோ பெட்டி ஆறு அடுக்கு என்றால் அடிப்பெட்டி மேல் 40 கிலோ. ஈரக்காற்றில் அட்டை தளரும், நாள் கணக்கில் நிற்கும்போது இன்னும் தளரும். அதனால் நான்கு மடங்கு, அதாவது 160 கிலோ தாங்கும் பெட்டி வேண்டும் என்று கேளுங்கள். கொட்டேஷனில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மட்டும் போட்டிருந்தால் பிஎஃப் (தாள் கிழியாமல் அழுத்தம் தாங்கும் பலம்) எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். ஒரே ஜிஎஸ்எம்மில் 16 பிஎஃப் தாளும் உண்டு, 22 பிஎஃப் தாளும் உண்டு. தாளின் தரத்தைக் கூட்டி ப்ளையைக் குறைக்க முடிந்தால் எடையும் குறையும், பலமும் குறையாது.

கூரியரில் அனுப்புபவர்களுக்கு வெற்றிடம் இன்னொரு செலவு. பல கூரியர் கம்பெனிகள் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் காசு வாங்கும். 45, 30, 30 செ.மீ. பெட்டி என்றால் 8.1 கிலோ. உள்ளே 5 கிலோ முறுக்குதான். உயரத்தை 24 ஆக்கினால் 6.48 கிலோவுக்கு இறங்கிவிடும்.

புதுப் பெட்டி வந்ததும் சரக்கோடு ஒட்டி, மேஜை உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய 75 செ.மீ.யிலிருந்து, ஒரு மூலை, மூன்று ஓரம், ஆறு பக்கம் என்று பத்துத் தடவை போட்டுப் பாருங்கள். லாரி ஷெட்டில் லோடுமேன் இதைவிட மென்மையாக இறக்கமாட்டார்.

7. உள்ளூர் லைனுக்குப் பெட்டியே வேண்டாம்

உங்கள் வண்டியே போய்க் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பும் லைன்களில் அட்டைப்பெட்டியை நிறுத்திவிட்டு, ஆவின் பால் வண்டியில் இருப்பதுபோல் பிளாஸ்டிக் கிரேட் போடுங்கள். எண் எழுதி, கடைக்கு எத்தனை போனது, எத்தனை திரும்பியது என்று பில்லிலேயே ஒரு வரி சேருங்கள். எண் இல்லாத கிரேட் கடைக்காரர் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிடும். பார்சல் சர்வீசில் போகும் ஊர்களுக்கு இது ஒத்துவராது. காலி கிரேட் திரும்பி வரும் வாடகை அட்டை விலையைத் தாண்டும்.

8. இப்போது மெலிதாக்கலாம்

முதலில் முழு அடுக்கையே எடுக்க முடியுமா என்று பாருங்கள். உள்கவர், அதைச் சுற்றித் தட்டு, அதற்கு மேல் அட்டை, அதற்கும் மேல் பளபளப்புத் தாள் என்று இருந்தால் ஒன்று நிச்சயம் அதிகப்படி. இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் பிலிம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையாகிவிட்டது, அதனால் அந்த அடுக்கில் யோசிக்கவே எதுவுமில்லை.

அப்புறம் தடிமன். ஐந்து மைக்ரானுக்கு மேல் ஒரே தடவையில் குறைக்காதீர்கள். மெல்லிய பிலிமுக்குச் சீல் சூடும் மாறும். ஆகவே மூன்றாம் படியில் செய்த சோதனை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு சின்ன ரோல் மட்டும் வாங்கி, தூரத்து டீலர் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, மூன்றாவது சாக்கின் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் பழையதற்கே போய்விடுங்கள்.

வெயில் காலத்தில் தேறிய கவரை நம்பி ஐப்பசிக்கும் சேர்த்து ஆர்டர் போடுவது பெரிய தவறு. தீபாவளிச் சரக்கு போகும் நேரமும் மழை வரும் நேரமும் ஒன்று. ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய கவருக்குத்தான் பெரிய ஆர்டர் கொடுக்க வேண்டும்.

9. மிஞ்சியதை விற்கும் நிலையில் வையுங்கள்

இத்தனைக்குப் பிறகும் முதல் சாக்கில் கொஞ்சம் விழும். ஒற்றை அடுக்குப் பாலிதீனையும் பல அடுக்குப் பிலிமையும் கலக்காதீர்கள். சுத்தமான பாலிதீனுக்கு விலை உண்டு. எண்ணெய் ஒட்டியது, வெள்ளிப் பூச்சுள்ளது கலந்தால் மொத்த மூட்டைக்கும் விலை போய்விடும். பல அடுக்குப் பிலிமைத் தனியாகக் கட்டி, சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பும் சேகரிப்பாளரிடமோ உள்ளாட்சியின் உலர்கழிவுச் சேகரிப்பிலோ கொடுங்கள்.

மாவு வந்த பெட்டியையும் சாக்கையும் மறுபடி பயன்படுத்தலாம், பாக்கெட் போட்ட சரக்கை வைக்க மட்டும். தின்பண்டம் நேரடியாகப் படும் இடத்தில் வேண்டாம். முன்பு அதில் என்ன இருந்தது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நான்காவது சாக்கு இன்னும் கனமாகவே இருந்தால் மாவு மில்காரரிடம் பேசுங்கள். சுத்தமாக மடித்த காலிச் சாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த பில்லில் கழித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் தருவார்கள்.